எட்டுத் தொட்டித் தண்ணி

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், காலு ஆடும். இதுல உக்காருங்க. மீன்வளக் கல்லூரியில இருந்து வாரிய, கப்பல்ல தண்ணி ஏத்தி இறக்குததைப் பத்தி பழைய ஆளுககிட்ட கேட்டு எழுதுதிய. ஃபாதர் போன்ல சொன்னாரு. கொரேரா, உமக்குத் தெரிஞ்சதைச் சொல்லும்னாரு.

எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதாம்மா. பன்னெண்டு வருஷமா உள்ளயே கெடக்கு. எம் பொஞ்சாதிகிட்டக்கூட முழுசாச் சொன்னதில்ல. ஒரு தடவை கோயில்ல பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டு ஆரம்பிச்சேன். கப்பலுக்கு எதுக்குத் தண்ணின்னு சாமியாருக்கு விளக்கி முடிக்கதுக்குள்ள பின்னாடி நின்ன சனமெல்லாம் இருமத் தொடங்கிட்டு. சரி, பொய் சொன்னேன் சாமின்னு பொதுவாச் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

நீங்க படிச்ச பிள்ளை, உங்களுக்கு விளக்க வேண்டாம். இருந்தாலும் சொல்லுதேன், அப்பத்தான் எனக்குக் கோர்வையா வரும். சரக்கு இல்லாத கப்பல் காலி டின்னு மாதிரி. மேல மேல மிதக்கும், காத்தடிச்சா சாயும். அதனால அடியில இருக்கிற தொட்டிகள்ல கடல் தண்ணியை ஏத்திக்கிடுவோம். சரக்கு ஏத்துத ஊருல போயி அந்தத் தண்ணியை இறக்கிருவோம். தண்ணி மட்டுமா வரும்? அந்த ஊரு மீன் முட்டை, குஞ்சு, புழு, பூச்சி எல்லாம் சேந்து வரும். ஒரு ஊரு உயிரைக் கொண்டு இன்னொரு ஊருல விட்டா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. அதனால ஒரு விதி வச்சாங்க. நடுக்கடல்ல, நல்ல ஆழத்துல, துறைமுகத்துத் தண்ணியை வெளியே தள்ளிட்டு நடுக்கடல் தண்ணியை ஏத்திக்கிடணும். கரையில வாழுதது நடுக்கடல்ல பிழைக்காது. நடுக்கடல்ல வாழுதது கரையில பிழைக்காது. அவ்வளவுதான். சின்ன வேலை. ரெண்டு நாள் பம்ப் ஓடணும்.

நான் அப்போ சீஃப் ஆபீசர். தண்ணிக்கும் சரக்குக்கும் பொறுப்பு நான்தான். கப்பல் பழசு, இருபத்தேழு வயசு, எந்தப் பக்கம் தட்டினாலும் துரு உதிரும். கருங்கடல்ல ஒரு ஊருல கோதுமையை இறக்கிட்டு, எட்டுத் தொட்டியிலயும் அந்தத் துறைமுகத்துத் தண்ணியை ஏத்திக்கிட்டு, ஏட்ரியாட்டிக் கடலுக்கு மரம் ஏத்தப் போறோம். நவம்பர் மாசம். வழியில அயோனியன் கடல்னு ஒண்ணு உண்டு, நல்ல ஆழம். அங்க வச்சு மாத்தணும்.

கடல் மோசமா இருந்திச்சுன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா யாரும் கேக்க முடியாது, கப்பல் ஆடும்போது தொட்டியைக் காலி பண்ணக் கூடாதுன்னு அதுக்கும் விதி இருக்கு. ஆனா அன்னைக்குக் கடல் தாம்பாளம் மாதிரி கெடந்துச்சும்மா. நான் ரெண்டு நாளா தூங்கல. கோதுமை கெடந்த இடத்தையெல்லாம் கழுவி முடிச்சிருந்தோம். கேப்டனுக்கு உடம்பு சரியில்ல, ரூமை விட்டு வரல. இஞ்சின் ஆளுக எண்ணெய் கம்மியா இருக்கு, ரெண்டு நாள் பம்பு ஓட்டணுமான்னு மூஞ்சைத் தூக்கினாங்க. நானும் சரி விடுங்கன்னுட்டேன். காலைச் சாப்பாடு முடிச்சு, லாக் புக்கை எடுத்து வச்சு, எட்டுத் தொட்டிக்கும் எழுதினேன். எத்தனை மணிக்குத் தொடங்கினது, எத்தனை மணிக்கு முடிஞ்சது, தண்ணி எவ்வளவு ஆழம். எல்லாம் மனசுல இருந்து. இருபது நிமிஷம்கூட ஆகல. என் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்.

அந்த நேரம் வாட்ச்ல, டூட்டியிலன்னு வைங்க, இருந்த ஆபீசரும் ஒரு இனிஷியல் போடணும். செகண்ட் ஆபீசர் ஜெபமணி. நம்ம நாசரேத்துக்காரன், என்னை விட பத்து வயசு கம்மி. கப்பல்ல தமிழ் பேசுத ஆளு நாங்க ரெண்டு பேருதான். அவன்கிட்ட புக்கை நீட்டினேன்.

"சார், பம்பு ஓடவே இல்லியே."

"ஓடின மாதிரிதாம்ப்பா. இத்தனை வருஷத்துல எவன் வந்து பாத்திருக்கான்."

"பாக்காட்டாலும் ஓடலியே சார்."

கோவமாச் சொல்லல. மணி என்னன்னு கேட்டா சொல்லுவாங்கள்லா, அப்படிச் சொன்னான். அவன் அப்படித்தான். பிரவுன் அட்டை போட்ட ஒரு நோட்டு வச்சிருப்பான், காத்து எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்ன விளக்கு தெரிஞ்சதுன்னு அவனுக்கா எழுதி வச்சுக்கிடுவான். சரி போன்னுட்டேன். அவன் சாப்பிடப் போன நேரம் அந்த இனிஷியலையும் நானே போட்டேன். ரெண்டு எழுத்து. பாத்தியளா, நான் ஒண்ணையும் மறைக்கல. அது கெடக்கட்டும், விஷயத்துக்கு வாரேன்.

நாங்க போன ஊரு ஒரு காயலுக்குள்ள இருந்தது. ஊரு பேரு வேண்டாம்மா, பாவம் அந்த சனம். நம்ம பழவேற்காடு மாதிரி நெனச்சுக்கிடுங்க. பரந்து கெடக்கிற தண்ணி, இடுப்பளவு ஆழம், நடுவுல கப்பல் போறதுக்கு வெட்டின ஒரு வாய்க்கால். காயலுக்குள்ள மீன்காரங்க கம்பு நட்டு பைவலை கட்டியிருந்தாங்க.

தண்ணியை இறக்கதுக்கு முன்னால எண்ணெய் கலந்திருக்கான்னு தொட்டியில இருந்து ஒரு வாளி மொண்டு பாக்கணும். அது மட்டும் ஒழுங்காச் செஞ்சேன். வாளிக்குள்ள ஒண்ணு கெடந்துச்சு. கண்ணாடி மாதிரி. நுங்குச் சுளையை உரிச்சுப் போட்ட மாதிரி, உள்ளங்கையில அடங்குத அளவு. உடம்புல எட்டு வரிசை, சீப்புப் பல்லு மாதிரி நெருக்கமா. வெயில் பட்டதும் அந்த எட்டு வரிசையிலயும் வானவில் ஓடுது. செவப்பு, பச்சை, நீலம்னு மேல இருந்து கீழ வழிஞ்சுக்கிட்டே இருக்கு. நானும் கடக்கரையில பொறந்தவன்தான், சொறின்னு நாங்க சொல்லுத ஜெல்லி மீனை எத்தனையோ பாத்திருக்கேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. விரலை வச்சேன். அரிக்கல. அழகா இருக்கேன்னு ரெண்டு நிமிஷம் பாத்தேன். பாத்துட்டு வாளியைக் காயல்ல கவுத்தேன். அப்புறம் வால்வைத் திறக்கச் சொன்னேன். எட்டுத் தொட்டியும் சாயங்காலத்துக்குள்ள காலியாயிட்டு.

இதைத்தாம்மா நான் வாயால யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்த வாளியை.

மரம் பாதி ஏறியிருக்கும், கப்பல் முதலாளி கடனை வச்சிட்டு ஓடிட்டான்னு தகவல் வந்தது. துறைமுகத்துல கப்பலைப் பிடிச்சு வச்சிட்டாங்க, ஏத்தின மரத்தையும் இறக்கிட்டாங்க. எங்களை ஊருக்கு அனுப்பவும் ஆளில்ல, சாப்பாடு குடுக்கவும் ஆளில்ல. பத்து மாசம் அங்கேயே கெடந்தோம். டீசல் தீந்து போச்சு, கப்பலுக்குள்ள ஐஸ்பெட்டி மாதிரி குளிரு. அரிசி தீந்தது, பருப்பு தீந்தது.

அப்பத்தான் நேவியோ வந்தான். காயல்ல மீன் பிடிக்கிறவன், என் வயசு. ஒரு நாள் படகைக் கப்பல் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்தி, கயத்தை இறக்குன்னு சைகை காட்டி ஒரு கூடையைக் கட்டி விட்டான். பாத்தா நெத்திலி, உளுவை, ரொட்டி, ஒரு சட்டி பூசணிக்கா சூப். அவன் பொஞ்சாதி ஒரியெட்டா குடுத்து விட்டது. அன்னைல இருந்து ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கூடை வந்துரும். மத்த மீன்காரங்களும் குடுத்தாங்க. பதினாலு பேரு கப்பல்ல. அந்த ஊரு மீன்காரங்க இல்லேன்னா நாங்க என்ன ஆயிருப்போம்னு நெனச்சுப் பாக்க முடியல.

அவன் வீட்டுக்குப் போவேன். இங்கிலீஷ்ல நாலு வார்த்தை அவனுக்குத் தெரியும், அவன் பாஷையில நாலு வார்த்தை எனக்கு. அவன் வலையை நான் கையில எடுத்ததும் என் விரலுக்குத் தெரிஞ்சிட்டு. எங்கப்பா கட்டுமரத்துல போனவருல்லா. கிழிஞ்சதை எல்லாம் உக்காந்து கட்டிக் குடுப்பேன். கப்பல்காரன் வலை கட்டுதான்னு ஒரியெட்டா அக்கம்பக்கத்துல கூட்டிட்டு வந்து காட்டுவா.

ஜூலை மாசம். நேவியோகூட நானும் வலை எடுக்கப் போயிருந்தேன். வலை வர மாட்டேங்குது. அவ்வளவு கனம். அவன் என்னைப் பாத்துச் சிரிக்கான், இன்னைக்கு நல்ல மீன்பாடுன்னு. ரெண்டு பேருமாச் சேந்து இழுத்தோம். வலை தண்ணிக்கு மேல வந்தது. மீன் இல்ல. கூழு. வலைக்கண்ணு ஒவ்வொண்ணுலயும் கண்ணாடி மாதிரி அது ஒட்டிக்கிட்டு வழியுது. அந்த எட்டு வரிசை. அந்த வானவில். நேவியோ ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சு, இது என்னதுன்னு எங்கிட்ட கேட்டான். தெரியாதுன்னேன்.

அந்த வார்த்தை, தெரியாதுன்னு சொன்னது, அந்த பாஷையில ரெண்டு சின்ன வார்த்தை. இன்னமும் நாக்குல இருக்கு.

ஆகஸ்ட்டுல காயலே அதுதான். வாளியை விட்டா பாதி தண்ணி, பாதி சொறி. ஒரு படகுக்கும் மீன் கிடையாது. ஆராய்ச்சி நிலையத்துல இருந்து இலாரியான்னு ஒரு டாக்டரம்மா வந்தா, உங்க வயசுதான் இருக்கும். படகுத்துறையில வச்சு எல்லாருக்கும் விளக்கினா. எனக்குப் புரியட்டும்னு இங்கிலீஷ்லயும் சொன்னா. இது நாம சொல்லுத சொறி இல்ல, சீப்புச் சொறி. கொட்டாது. சீப்பு மாதிரி இருக்கிற அந்த மயிரை அசைச்சுத்தான் நீந்துது. கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரு, மீன் முட்டை, மீன் குஞ்சு, இதுதான் சாப்பாடு. வயிறு நெறஞ்சாலும் தின்னுக்கிட்டே இருக்கும், மிச்சத்தைச் சளியாத் துப்பிரும். மீனுக்கும் இரை இல்லாமப் போகும், மீன் முட்டையும் இல்லாமப் போகும். இரை கிடைக்காட்டா செத்துருமான்னு ஒருத்தன் கேட்டான். சாகாது, உடம்பைச் சுருக்கிக்கிட்டுக் காத்திருக்கும், ரொம்பப் பசிச்சாத் தான் போட்ட குஞ்சையே தின்னும்னா.

கருங்கடல்லயும் இப்படித்தான் முன்னால கப்பல் தண்ணியில வந்து நெத்திலியை எல்லாம் காலி பண்ணிச்சாம். அப்புறம் இதைத் தின்னுத இன்னொரு சாதிச் சீப்புச் சொறி வந்து சேந்ததாம், அதுக்குப் பிறகு கொஞ்சம் அடங்கிச்சாம். அது இங்க எப்போ வரும்னு நேவியோ கேட்டான், பஸ்ஸு எப்போ வரும்னு கேக்கிற மாதிரி. அவ தெரியாதுன்னா.

கூட்டம் கலைஞ்ச பிறகு நான் போயி அவகிட்ட கேட்டேன். ஒரு ஊரை இப்படி ஆக்கதுக்கு எத்தனை வந்திருக்கணும் டாக்டர்? அவ யோசிச்சா. ஆணும் பொண்ணும் ஒரே உடம்புல இருக்கு, ஜோடி தேவையில்ல, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல முட்டை போடும், குஞ்சு ரெண்டு வாரத்துல முட்டை போட ஆரம்பிச்சிரும். அதனால, பேச்சுக்குச் சொன்னா, ஒண்ணு போதும்னா. எந்தக் கப்பல்னு கண்டுபிடிக்க முடியாது, நீரோட்டத்துலயே வந்திருக்கலாம், யாரையும் குத்தம் சொல்ல முடியாதுன்னும் சொன்னா. பாவம், என் மூஞ்சைப் பாத்து ஆறுதல் சொல்லுததா நெனச்சுக்கிட்டா. எனக்கு அந்த ஒண்ணுதான் காதுல விழுந்தது. வாளியில இருந்தது ஒண்ணு.

நேவியோ படகைக் கரையில ஏத்திட்டான். அவன் மவன் ஃபிரிட்ஜ் பண்ணுத ஃபேக்டரிக்குப் போயிட்டான். அப்பவும் கூடை வந்ததும்மா. மீன் இல்ல, ரொட்டியும் பூசணிக்காயும். நான் சாப்பிடலேன்னு தெரிஞ்சு ஒரியெட்டா உடம்புக்கு என்னன்னு கேட்டு தனியா கஞ்சி மாதிரி ஒண்ணு வச்சுக் குடுத்தா. நேவியோ சொன்னான், கப்பல் தண்ணியில வந்துச்சுங்கிறாங்க, உங்க கப்பல்ல அப்படி நடக்காது, நீ மீன்காரன் மவன்லா. நான் தலையை ஆட்டினேன்.

அந்த மாசக் கடைசியில துறைமுக ஆபீசருங்க ரெண்டு பேரும் இலாரியாவும் கப்பலுக்கு வந்தாங்க. ஒரு வருஷத்துல வந்த கப்பல் எல்லாத்தோட லாக் புக்கையும் பாக்காங்களாம். எங்க புக்கைப் பாத்தாங்க. எல்லாம் சுத்தமா இருக்கு. ஒருத்தன் மட்டும் கெட்டிக்காரன், இஞ்சின் ரூம் புக்கையும் கொண்டு வரச் சொன்னான். அதுல பம்பு ஓடினதா இல்ல. இது எப்படின்னு எங்கிட்ட கேட்டான்.

நான் சொன்னது ஒரே ஒரு வரிதாம்மா. அது செகண்ட் ஆபீசர் வாட்ச்ல நடந்தது, அவரு குடுத்த அளவை நான் எழுதினேன், அவரு இனிஷியல் இருக்கு பாருங்கன்னேன்.

ஜெபமணியைக் கூப்பிட்டாங்க. அவன் நோட்டைக் கொண்டு வந்தான். அந்தத் தேதிக்குப் பம்ப் ஓடவில்லைன்னு எழுதியிருந்தான். அதை அவனே இங்கிலீஷ்ல படிச்சுச் சொன்னான். அதுவே அவனுக்கு எமனாப் போச்சு. அப்போ ஓடலைன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் நீ கையெழுத்துப் போட்டிருக்கன்னுட்டாங்க. அது என் கை இல்லன்னான். ரெண்டு தடவை சொன்னான். அவங்க எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்தான். அவ்வளவுதான். அன்னைக்குச் சாப்பிடும்போது உப்பை எடுத்து என் பக்கம் தள்ளி வச்சான்.

அப்புறம் கப்பலை ஏலம் விட்டாங்க, எங்களை ஊருக்கு அனுப்பினாங்க. நேவியோ பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். அடுத்த வருஷம் எனக்குக் கேப்டன் பதவி கிடைச்சது. என் ரெக்கார்டு சுத்தமா இருந்துச்சுல்லா. ஆறு வருஷம் கேப்டனா ஓடிட்டு ரிட்டயர் ஆனேன்.

ரிட்டயர் ஆன மாசமே நேவியோவுக்கு எழுதினேன். எல்லாத்தையும் எழுதினேம்மா. எட்டுத் தொட்டி, பொய்க் கணக்கு, வாளி, அந்த ஒண்ணு. அழுதுக்கிட்டே எழுதினேன். மூணு பக்கம். நாலு மாசம் கழிச்சுப் பதில் வந்தது, மவன் கையில எழுதினது. நீ எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஒரியெட்டாகிட்ட சொல்லல, அவ உன்னைப் பத்தி நல்லாப் பேசுதா. இந்த வருஷமும் சொறி கோடையில வந்தது, குளிருல கொறஞ்சது, கொஞ்சம் உளுவை இருக்கு. இவ்வளவுதான். மன்னிச்சேன்னும் இல்ல, மன்னிக்கலைன்னும் இல்ல. ஆனா அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்.

ஜெபமணியா? ஊருல பேக்கரி வச்சிருக்கான். அதுக்குப் பிறகு அவனுக்குக் கப்பல் கிடைக்கல. சென்னையில எந்த ஏஜென்ட்கிட்ட போனாலும் அந்த ரிப்போர்ட் முன்னாலயே போயிருந்திச்சு. அதுவும் நல்லதுக்குத்தான்னு வைங்க, கடல்ல கெடந்து சாகாம பொஞ்சாதி பிள்ளையோட இருக்கான்.

பாத்தேனே. ரெண்டு வருஷம் முன்னால ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனவன், கடைக்குள்ள போனேன். அடையாளம் தெரிஞ்சுக்கிட்டான். வாங்க சார்னு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டான். டீ வாங்கிட்டு வரச் சொன்னான். எம் பிள்ளைக எல்லாம் என்ன செய்யுதுன்னு பேரு பேராக் கேட்டான். பழசு ஒண்ணும் பேசல. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தான்.

"சார், ஒரு லெட்டர் எழுதித் தருவியளா? அது என் கை இல்லன்னு மட்டும்."

"இனிமே எதுக்குப்பா, கப்பலுக்கா போகப் போற?"

"கப்பலுக்கு இல்ல சார். என் மவ கப்பல் படிப்புக்கு நாட்டிக்கல் காலேஜ்ல சேந்திருக்கா. அங்க யாரோ இந்தக் கதையைச் சொல்லியிருக்காங்க. அப்பா, நீங்க கையெழுத்துப் போட்டியளான்னு கேக்கா. இல்லன்னு சொன்னேன். சரிப்பான்னா. அந்த சரிப்பா எனக்குப் பிடிக்கல சார்."

எழுதித் தாறேன்னு சொன்னேன். எழுதணும்னுதான் இருக்கேன். உக்காந்தா வார்த்தை வர மாட்டேங்குது. இங்க இருந்து நாசரேத்து ஒண்ணரை மணி நேரம்தான், பஸ்ஸு நெறையா இருக்கு. போகணும். வெயில் கொறையட்டும்.

இதை எழுதாதிய. சொறி விஷயத்தை எழுதுங்க, நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கும். வாளியை எழுதுங்க. என் பேரையும் போடுங்க, கேப்டன் கஸ்பார் கொரேரான்னு முழுசாப் போடுங்க, எனக்குப் பயமில்ல. ஒரு கடலுக்கே துரோகம் பண்ணினவன்னு போடுங்க, ஒத்துக்கிடுதேன். ஜெபமணி பேரு மட்டும் வேண்டாம். அவன் பாட்டுக்கு நிம்மதியா இருக்கான், அதை நாம போயி எதுக்குக் கிளறணும்?

ஏம்மா, பேனாவை மூடிட்டிய?